சைவநெறிப் பாடவேளையில் விறாந்தையில் அமரும் பிள்ளைகள்

கேள்வி (ஆசிரியை, யாழ்ப்பாணம்):
வணக்கம். எனது தரம் 7 வகுப்பில் சைவப் பிள்ளைகளே பெரும்பான்மையினர். இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகளும், 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் போருக்குப் பின் மீளத் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்த மூன்று முஸ்லிம் பிள்ளைகளும் உள்ளனர். சைவநெறிப் பாடவேளை வந்ததும் இவ்வைவரும் புத்தகப் பையோடு விறாந்தைக்குச் சென்று, சுவரோடு சாய்ந்து அமர்ந்து, மணி அடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். பார்க்க மனம் பொறுக்கவில்லை. இது சட்டப்படி சரியா?

பதில் 1:
பிற சமயப் பாடத்தில் அவர்களை வற்புறுத்தி இருத்தாதது சரியே. ஆனால் அது மட்டும் போதாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மதச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. 12ஆம் உறுப்புரை மதம், மொழி, இனம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடமாகையால், இன்று விறாந்தையில் கழியும் வேளை நாளை பரீட்சையில் தெரியும்.

பதில் 2 (ஓய்வுபெற்ற அதிபர்):
ரீச்சர், நாங்கள் நேரசூசியில் எல்லாச் சமயப் பாடங்களையும் ஒரே வேளைக்கு மாற்றினோம். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து தத்தம் வகுப்புக்குப் போனதால், எவரும் தனித்து வெளியேறியவராகத் தெரியவில்லை. இஸ்லாம் பாடம் கற்பிக்கும் அயற்பாடசாலை மௌலவி ஆசிரியரை வாரத்தில் ஒரு நாளாவது பெற, அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அதுவரை அரசின் இலவசப் பாடநூல்களோடு நூலகத்தில் ஒரு மேசையை ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. மேசையை நாளையே ஒழுங்குசெய்கிறேன்; நேரசூசி பற்றி அதிபருடன் கதைத்துவிட்டு எழுதுகிறேன்.