ஜென்டூ: க்யூடி அப்டேட்டுக்குப் பிறகு பிளாஸ்மா எழவில்லை, உதவி தேவை

ஜென்டூ லினக்ஸ், ஓப்பன்ஆர்சி (சேவைகளைத் தொடங்கும் இனிட் சிஸ்டம்), ஸ்டேபிள் கிளை, 8 ஜிபி ரேம் லேப்டாப். போன வாரம் வேர்ல்டு அப்டேட்டில் (சிஸ்டம் முழுவதற்குமான அப்டேட்) க்யூடி 6, அதாவது பிளாஸ்மா டெஸ்க்டாப் சார்ந்திருக்கும் லைப்ரரி, அடுத்த பதிப்புக்கு ஏறியது. எமர்ஜ் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) பிழையில்லாமல் முடிந்தது. ரீபூட் செய்தால் லாகின் திரை வருகிறது. பாஸ்வேர்டு கொடுத்ததும் கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும்தான். லாகில், க்யூடியின் பிரைவேட் ஏபிஐ (பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடிய உள் இடைமுகம்) வெர்ஷன் கிடைக்கவில்லை என்று, டெஸ்க்டாப்பைக் காட்டும் பிளாஸ்மாஷெல் நின்றுவிடுகிறது.

அறுந்த லைப்ரரி இணைப்புகளைத் தேடும் ரெவ்டெப்-ரீபில்ட், எல்லாம் சரி என்கிறது. அதில் வியப்பில்லை: லைப்ரரியின் பெயர் மாறவில்லை, அறுந்த இணைப்பு எதுவும் அதன் கண்ணில் படாது. பழைய லைப்ரரியையே இன்னும் பயன்படுத்தும் பேக்கேஜ்களைக் காட்டும் ப்ரிசர்வ்டு-ரீபில்ட் பட்டியலும் காலி. டிஸ்பேட்ச்-கான்ஃப் (கான்ஃபிக் ஃபைல் மாற்றங்களைச் சேர்ப்பது) முடித்தேன், ஈசெலக்ட் நியூஸில் ஜென்டூ அறிவிப்புகளைப் படித்தேன். புது யூசர் கணக்கிலும் இதே நிலை. பிளாஸ்மா-வொர்க்ஸ்பேஸை மட்டும் மறுபடி கம்பைல் செய்தும் பலனில்லை.

வேர்ல்டு முழுவதையும் கம்பைல் செய்தால் தீரலாம். ஆனால் எது உடைந்தது என்றே தெரியாமல் அதைச் செய்ய மனமில்லை. சோர்ஸிலிருந்து கட்டும் சிஸ்டத்தில் பழுதைத் தேடிப் பிடிப்பதும் பயனரின் பொறுப்புதான். ஓவர்லேயிலிருந்து (ஜென்டூவின் அதிகாரப்பூர்வத் தொகுப்புக்கு வெளியே உள்ள களஞ்சியம்) போட்ட பேக்கேஜ்களின் ஈபில்டில் (பேக்கேஜைக் கட்டும் குறிப்புக் கோப்பு) சப்ஸ்லாட் சார்பு, அதாவது லைப்ரரி மாறினால் மறுபடி கம்பைல் செய்யச் சொல்லும் குறிப்பு, விட்டுப்போயிருக்குமோ என்பது என் சந்தேகம்.

க்யூடியின் பழைய பிரைவேட் ஏபிஐயோடு இணைந்த பைனரிகளை மட்டும் கண்டுபிடித்து, அவற்றின் பேக்கேஜ்களை மறுபடி கம்பைல் செய்ய எந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறீர்கள்?