மாடுலஸ் கணக்குல எக்ஸே காணாம போகுது, விடை எப்படி எழுதறது?

பொண்ணு பதினொண்ணாவது, ஸ்டேட் போர்டு, திங்கக்கிழமை டெஸ்ட். |எக்ஸ் − 2| + |எக்ஸ் + 1| = 3, இந்த ஒரு கணக்குல நானும் அவளும் மாட்டிக்கிட்டு முழிக்கிறோம். (ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கறது தான் மாடுலஸ், மைனஸ் குறியை விட்டுட்டு அளவை மட்டும் எடுக்கறது.)

|எக்ஸ் − 2| = 5 மாதிரி ஒத்தை மாடுலஸ்னா பிரச்சனையே இல்ல, ப்ளஸ் 5 மைனஸ் 5னு போட்டா 7, −3 வந்துடுது. இதுல −1, 2ன்ற எடத்துல நம்பர் லைனை வெட்டி மூணு கேஸா பிரிச்சோம். 2க்கு மேல எடுத்தா 2எக்ஸ் − 1 = 3, அதாவது எக்ஸ் = 2ல போய் முடியுது, −1க்கு கீழ எடுத்தா எக்ஸ் = −1. நடுவுல தான் வில்லங்கம், எக்ஸ் எல்லாம் அடிபட்டுப் போய் வெறும் 3 = 3னு நிக்குது.

ஸ்கொயர் பண்ணியும் பாத்தாச்சு, உள்ள இன்னொரு மாடுலஸ் மிஞ்சுது. டெஸ்மாஸ்ன்ற கிராஃப் வரையற ஆப்ல வரைஞ்சா −1லேர்ந்து 2 வரைக்கும் தட்டையா கோடு, கிண்ணத்தோட அடி மாதிரி. டியூஷன்ல 2, −1 ரெண்டு மட்டும் தான் விடைன்றாங்க, ஆனா 0 போட்டாலும் 2 + 1 சரியா 3 வருதே, அரை போட்டாலும் வருது!

அப்போ 3 = 3னு வந்தா அந்த இடைவெளி முழுசையும், [−1, 2]னு, தீர்வா எழுதலாமா?