அரைப்படி, அடங்கல், மாடித் தண்ணி: உங்க ஊர்ல எப்படி?

திருத்துறைப்பூண்டியான்:
போன தை மாசம் எங்க பெரியப்பாகிட்ட ஒரு பொடியன் கேட்டான்: "தாத்தா, உங்க காலத்துல ஏழை பணக்காரன் வித்தியாசம் ரொம்ப இருந்துச்சா?" அவருக்கு 88 வயசு. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கிட்டுச் சொன்னார்: "அப்ப ஏதுடா பணக்காரன்? ஆண்டை இருந்தாரு, நாங்க இருந்தோம்."

எங்களது ஆண்டை, அதாவது நிலச்சொந்தக்காரர்கிட்ட வேலை பார்த்த பண்ணையாள் குடும்பம். சவுக்கடி, சாணிப்பால் (சாணியைக் கரைச்சுக் குடிக்க வைக்கிற தண்டனை) ரெண்டையும் அவர் அப்பா அனுபவிச்சதைச் சின்ன வயசில் பார்த்தவர். அதையும் தலையெழுத்துன்னுதான் நினைச்சாங்களாம். செங்கொடிச் சங்கம் (கம்யூனிஸ்ட் விவசாயச் சங்கம்) வந்த பிறகுதான் கூலி நெல் அளக்கிற மரக்கால் சின்னதுன்னு வாய்விட்டுச் சொன்னாங்க. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இன்னைக்கு அவர் கோபமெல்லாம் பக்கத்து வீட்டு மேல. அந்த வீட்டுப் பையன் சிங்கப்பூர் போய் மாடி கட்டிட்டான். "அவன் மாடித் தண்ணி நம்ம ஓட்டு மேல விழுதுடா." ஆண்டையைப் பத்திச் சொல்றப்போ இந்தக் குரல் ஏறினதே இல்லை.

மன்னார்குடி மருமகள்:
நான் ஆண்டை பக்கத்து ஆள், சொல்லிடறேன். மாமனார் வீட்டுக்கு ஒரு காலத்தில் ஏழு வேலி நிலம் (ஒரு வேலி ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர்). நில உச்சவரம்பு 1961-ல் 30 தர ஏக்கர்னு (மண்ணோட தரத்தை வச்சுக் கணக்கிடற ஏக்கர்) வந்து, 1970-ல் 15 ஆச்சு. பாகப்பிரிவினையில் கொஞ்சம், கல்யாணத்துக்கு வித்தது கொஞ்சம். மிச்சம் பதினொரு ஏக்கர், குத்தகைக்கு விட்டிருக்கோம். வீட்டில் தினம் ஒரே புலம்பல்: "எல்லாம் போச்சு, இப்ப நாமளும் அவங்களும் ஒண்ணு."

நானும் நம்பிக்கிட்டுதான் இருந்தேன். எங்க வயல்ல நடவு நட்ட அம்மா ஒருத்தர், இப்ப நூறு நாள் வேலைக்குப் போறாங்க. ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டே (முன்னாடி கொல்லைப்புறம்தான், அதுவும் கொட்டாங்குச்சியில்) சொன்னாங்க: "உங்களுக்கென்னம்மா, விதைக்காமப் போட்டு வச்சாலும் நிலம் விலை ஏறிக்கிட்டே இருக்கும். எனக்கு ஒரு நாள் படுத்தா ஒரு நாள் கூலி போச்சு." மாமியார் உள்ளேயிருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. அன்னைக்குப் புலம்பல் இல்லை. மறுநாள் இருந்தது.

குத்தாலத்துக்காரன்:
எங்க ஊர்ல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அடங்கலை (வி.ஏ.ஓ. எழுதுற நில, பயிர்க் கணக்கு) பார்த்தாத்தான் தெரியும். குத்தகைக்குப் பயிர் வைக்கிற நானும் நிலக்காரரும் ஒரே டீக்கடை, ஒரே மாதிரி வண்டி. வெள்ளத்தில் சம்பா அழுகின வருஷம் நிவாரணப் பணம் அவர் கணக்குக்குப் போச்சு. விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் என் கைக்காசு. குத்தகை உரிமையைப் பதியச் சட்டம் 1969-லேயே இருக்கு. பதியணும்னு கேட்டுப் பாருங்க, அடுத்த குறுவைக்கு நிலம் இருக்காது.

கீழ்வேளூர்ப் பையன்:
டிசம்பர் 25 வெண்மணிக்குப் போயிருந்தேன். 1968-ல் கூலி நெல் அரைப்படி கூடக் கேட்ட பிரச்சினையில் 44 பேரை எரிச்ச ஊர். 1973-ல் உயர் நீதிமன்றம் நிலக்காரர்களை விடுதலை பண்ணிடுச்சு. அவங்க பணக்காரங்க, ஒருத்தர் கார் வச்சிருக்கார், தாங்களே நடந்து வந்து தீ வச்சிருப்பாங்களான்னு தீர்ப்புலயே சந்தேகப்பட்டிருக்காங்க. கூட வந்த காலேஜ் நண்பன் நம்பவே இல்லை, "இதெல்லாம் தீர்ப்புல எழுதுவாங்களாடா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டான். நாங்க போனதே அவன் தவணையில் வாங்கின கார்லதான். திரும்பி வர்றப்போ, அவன் ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவனுக்கு மட்டும் எட்டாயிரம் சம்பளம் கூடன்னு திருவாரூர் வரை அதே பேச்சு.

திருத்துறைப்பூண்டியான்:
எல்லாத்தையும் பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். வெண்மணியைப் பத்தி வந்தப்போ துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார், ஒண்ணும் பேசலை. கடைசியா ஒரே ஒரு கேள்வி: "அந்த மன்னார்குடி அம்மா பதினொரு ஏக்கர்னு சொல்லுச்சே, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை குத்தகை வாங்குறாங்களாம்?"