பழைய ரிக்கோ ஜிஆர் 2 வாங்குவதும், கையிலுள்ள சோனி ஆர்எக்ஸ்100-ஐ விற்பதும்: ஆலோசனை தேவை

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் சோனி ஆர்எக்ஸ்100 முதல் பதிப்பு ஏழு ஆண்டுகளாக இருக்கிறது. நல்ல கேமராதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நான் எடுப்பதில் பெரும்பகுதி தெருப் படங்கள். கூட்டத்துக்குள் நின்று லென்ஸ் வெளியே வந்து, ஜூம் அமைந்து, குவியம் (ஃபோகஸ்) பிடிப்பதற்குள் எதிரில் இருந்தவர் நகர்ந்துவிடுகிறார். ஆகவே ஜூம் இல்லாமல் 28 மி.மீ. அகன்ற கோணம் மட்டுமே கொண்ட, படத்தைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ரிக்கோ ஜிஆர் 2-க்கு மாறலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஜிஆர் 3 என் வரவுசெலவுக்கு எட்டாது.

திருச்சியில் இருக்கும் ஒருவர் தம்முடைய ஜிஆர் 2-ஐ 36,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பில் இருக்கிறது, பெட்டி இல்லை. அனுப்பிய புகைப்படங்களில் உடல் பகுதி புதிது போலவே தெரிகிறது. கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேரில் சென்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? என்னுடைய ஆர்எக்ஸ்100-க்கு 15,000 ரூபாய் கேட்பது நியாயமா? அதன் திரையில் மேற்பூச்சு ஓரத்தில் உரிந்திருக்கிறது. லென்ஸிலும் இயக்கத்திலும் பழுது எதுவும் இல்லை.

ஓரக்கண் (சென்னை) எழுதியது:

உடல் பகுதி புதிது போல இருப்பதை ஒரு தகுதியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராவில் சென்சார் மீது தூசி விழுந்தால் ஊதுபந்தால் நாமே ஊதிவிடலாம். ஜிஆர் போன்ற கேமராக்களில் லென்ஸ் உடலோடு ஒன்றியது. ஒவ்வொரு முறை அது வெளியே நீண்டு உள்ளே செல்லும்போதும் காற்றை உறிஞ்சுகிறது, காற்றோடு தூசியும் உள்ளே போகிறது. போன தூசி வெளியே வர வழி கிடையாது. கேமராவைப் பிரித்தால்தான் உண்டு. ஜிஆர் 3-இல் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு இருக்கிறது. 2015-இல் வந்த ஜிஆர் 2-இல் அது இல்லை. எனவே நீங்கள் திருச்சிக்குச் செல்வது தூசியைப் பார்ப்பதற்காகத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

சோதிக்கும் முறை எளிது. உங்கள் மெமரி கார்டை எடுத்துச் செல்லுங்கள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, எஃப்16-இல் வைத்து (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறனை 100-க்குக் குறைத்து, குவியத்தை முடிவிலியில் நிறுத்தி, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஒரு படி கூடுதல் வெளிச்சத்துடன் (ஒரு படி என்பது இருமடங்கு) எடுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை. சென்சாரில் இருக்கும் தூசி நடுங்காது. பிறகு படத்தைப் பெரிதாக்கி மூலை முதல் மூலை வரை நகர்த்திப் பாருங்கள். தூசி இருந்தால் மங்கலான சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். அதே சுவரை எஃப்2.8-இல் எடுத்தால் அந்தப் புள்ளிகள் மறைந்துவிடும். விற்பவர்கள் மாதிரிப் படம் அனுப்பும்போது பெரும்பாலும் அபெர்ச்சரைத் திறந்துவைத்து எடுத்ததையே அனுப்புவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று செய்வதாக நான் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜிஆர்-ஐக் கடையொன்றில் வாங்கினேன். கடைக்குள் மங்கலான விளக்கொளியில் பத்துப் படங்கள் எடுத்துப் பார்த்துத் திருப்தியாகி வீடு திரும்பினேன். மறுநாள் மெரினாவில் உச்சி வெயிலில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் வானத்தில் பதினொரு புள்ளிகள். கடைக்காரரிடம் கேட்டதற்கு, வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை என்பதுதான் கூடுதல் வருத்தம்.

தூசியைப் பார்த்த பிறகு, லென்ஸ் முன்னால் திறந்து மூடும் இரண்டு இதழ்களும் முழுமையாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். கேமராவை இருபது முறையாவது இயக்கி அணையுங்கள். லென்ஸ் நீளும்போது கரகரவென்ற ஒலி கேட்டாலோ, ஒருமுறை தயங்கி நின்றாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபிளாஷ் எழும்புகிறதா, உள்ளே இருக்கும் ஒளி குறைப்பு வடிகட்டி வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வடிகட்டியை இயக்கினால் வெளிச்சம் இரண்டு படி குறைய வேண்டும். 'மொத்தம் எத்தனை படம் எடுத்திருக்கிறீர்கள்' என்று கேட்பதால் பெரிய பயனில்லை. கோப்பு எண்ணை வைத்து அதைச் சரிபார்க்க முடியாது. இடையில் யாரும் மாற்றியமைக்கவும் முடியும்.

பழையபெட்டி (கோயம்புத்தூர்) எழுதியது:

வாங்குவது பற்றி ஓரக்கண் சொல்லிவிட்டார். நான் விற்பதைப் பற்றிச் சொல்கிறேன். இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட சிறிய கேமராக்களை வாங்கி விற்றிருக்கிறேன், லாபத்துக்காக அல்ல, புதிது புதிதாகக் கையில் வைத்துப் பார்க்கும் ஆசைக்காக. (வீட்டில் இந்த விளக்கத்தை யாரும் நம்புவதில்லை.)

உங்கள் ஆர்எக்ஸ்100-க்கு 15,000 என்பது கேட்கக்கூடிய விலைதான். 13,000-த்தில் முடியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். திரையின் மேற்பூச்சு உரிவது இந்த வரிசைக் கேமராக்களில் பரவலாகக் காணப்படுவது. படத்தை அது பாதிக்காது. ஆனால் அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதி, வெளிச்சத்தில் சாய்த்துவைத்து நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். குறையை முதலில் சொன்னால் விலை ஆயிரம் ரூபாய் குறையும் என்பது உண்மை. சொல்லாமல் விட்டால், நேரில் வந்து பார்ப்பவர் இவர் வேறு எதை மறைத்திருக்கிறாரோ என்று எண்ணி மூவாயிரம் குறைப்பார் அல்லது எழுந்து போய்விடுவார். அத்துடன் ஜூமை முழுவதும் நீட்டி எஃப்11-இல் எடுத்த வெற்றுச் சுவர்ப் படத்தையும் நீங்களாகவே சேர்த்துவிடுங்கள். ஓரக்கண் போன்றவர்கள் எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள்.

வாங்க வருபவர் இளைஞராக இருந்தால் கேமரா அவருடைய தேவைக்குப் பொருந்துமா என்பதையும் சொல்லி விற்பது நல்லது. செல்பேசி வந்த பிறகு யாரும் சீண்டாமல் கிடந்த 2000-களின் சிறிய கேமராக்களுக்கு இப்போது கல்லூரி மாணவர்களிடையே பெரிய வரவேற்பு. நான் அப்படிப்பட்ட பழைய கேமரா ஒன்றை ஒரு மாணவிக்கு விற்றேன். மறுநாளே கேமரா பழுது என்று அழைத்தார். விசாரித்தால் 32 ஜிபி கார்டைப் போட்டிருக்கிறார். 2 ஜிபிக்கு மேல் கொள்ளும் எஸ்டிஎச்சி வகைக் கார்டு 2006-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜிபி கார்டுக்கு மேல் படிக்கத் தெரியாது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்கள் சிலவற்றுக்கு எக்ஸ்டி என்ற வேறு வகைக் கார்டு வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை. இதையெல்லாம் விற்பவர்தான் சொல்ல வேண்டும். கார்டு ஒன்றையும் கேமராவுடன் சேர்த்தே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை: ஜப்பானிலிருந்து வந்த சோனி கேமரா மலிவாகக் கிடைத்தால் முதலில் மெனுவைத் திறந்து பாருங்கள். அந்நாட்டுச் சந்தைக்கென்று விற்கப்படும் சோனி கேமராக்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும்.

பணம் பெறும் விஷயத்தில் கவனமாக இருங்கள். விளம்பரம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள், விலையைப் பற்றி ஒன்றும் பேசாமல், உடனே பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று ஒருவர் எழுதுவார். யூபிஐ-யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அந்த எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. கேமராவின் வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், வாங்குபவரிடமும் கொடுங்கள். கேமரா திருட்டுப் பொருளா என்ற ஐயம் பின்னால் எழுந்தால் பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட அது உதவும்.

நெய்தல் (நாகப்பட்டினம்) எழுதியது:

தூசியைப் பற்றி இவ்வளவு அச்சம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஜிஆர் 2-இல் மூன்று புள்ளிகள் இருக்கின்றன; ஐந்து ஆண்டுகளாக அவற்றோடுதான் படம் எடுக்கிறேன். தெருவில் எஃப்16 வைத்து யார் எடுக்கிறார்கள்? வானம் பெரிதாக வரும் படங்களில் மட்டும் கணினியில் அழித்துவிடுகிறேன். என்னைக் கேட்டால் பூஞ்சைக்குத்தான் அஞ்ச வேண்டும். எங்கள் ஊர்க் கடற்காற்றில் தோல் உறைக்குள் மூடி வைத்த கேமராவின் லென்ஸில் ஒரே மழைக்காலத்தில் சிலந்திவலை போலப் படர்ந்துவிட்டது. செல்பேசி விளக்கை லென்ஸுக்குச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நூலிழை போலத் தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். தூசி பெருகாது, பூஞ்சை பெருகும்.

ஓரக்கண் எழுதியது:

பூஞ்சை பற்றி நெய்தல் சொன்னதை மறுக்கவில்லை. நான் சொல்ல மறந்ததும் அதுதான். ஆனால் எஃப்16 சோதனைக்கு மட்டுமே உரியது என்பதால் தூசியைப் பொருட்படுத்த வேண்டாம் என்பது சரியல்ல. வைகைக்கரை ஜிஆர்-க்கு மாற விரும்புவதே வேகத்துக்காக. அந்த வேகம் குவியம் பிடிக்கும் தொலைவை முன்கூட்டியே 2 மீட்டரில் நிறுத்திவைக்கும் வசதியிலிருந்து வருகிறது; எஃப்8 வைத்தால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து தெருவின் மறுமுனை வரை தெளிவாக விழும், ஷட்டரை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஆனால் எஃப்8-இலேயே பெரிய தூசிகள் மெல்லத் தெரியத் தொடங்கிவிடும். ஆகவே எஃப்16-இல் எத்தனை புள்ளி என்று எண்ணுவதோடு, எஃப்8-இலும் ஒரு படம் எடுத்து எவை மிஞ்சுகின்றன என்று பாருங்கள். மிஞ்சுபவைதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். எட்டில் எதுவும் தெரியவில்லை என்றால் நெய்தல் சொல்வது போல வாங்கிவிடலாம்.

தூசியை உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை லென்ஸ் வாயில் வைத்து இழுக்கும் முறை இணையத்தில் உலவுகிறது. விற்பவர் தாம் அப்படிச் சுத்தம் செய்ததாகப் பெருமையுடன் சொன்னால், அந்த இழுப்பில் லென்ஸ் கெட்டிருக்கலாம் என்று எண்ணி அதன் இயக்கத்தை நாற்பது முறை சோதியுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று திருச்சி சென்று வந்தேன். சந்திப்பு நிலையத்துக்கு எதிரே ஒரு சிற்றுண்டிக் கடையில் அமர்ந்து, கடையின் வெள்ளைச் சுவரை எஃப்16-இல் எடுத்தேன். ஆறு புள்ளிகள். விற்பவர் உண்மையிலேயே அதிர்ந்துவிட்டார். தாம் இரவுப் படங்களே எடுப்பவர் என்றும் எஃப்4-ஐத் தாண்டியதே இல்லை என்றும் சொன்னார். எஃப்8-இல் எடுத்தபோது மேல் இடது மூலையில் ஒன்று மட்டும் நிழல் போலத் தெரிந்தது. லென்ஸ் இயக்கம் சீராக இருந்தது, பூஞ்சை இல்லை, பில்லிலும் உடலிலும் வரிசை எண் ஒன்றே. பேட்டரி மட்டும் லேசாக உப்பியிருந்தது. வெளியே எடுக்கவே நகத்தால் இழுக்க வேண்டியிருந்தது. மதுரையில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டேன். பிரித்துத் தூசி எடுக்க 3,500 ரூபாய் ஆகும் என்றார். அந்தக் கணக்கையும் புதுப் பேட்டரியையும் சொல்லி 32,000-க்கு வாங்கினேன். இப்போதைக்குப் பிரிக்கப் போவதில்லை. இரண்டாவது புள்ளி ஒன்று எஃப்8-இல் தெரியும்வரை அப்படியே இருக்கட்டும்.

ஆர்எக்ஸ்100-ஐத் திரையின் குறையை முதல் வரியில் எழுதி 15,000 என்று போட்டேன். பழையபெட்டி சொன்ன க்யூஆர் கோடு மனிதர் நாற்பதாவது நிமிடத்தில் வந்தார். மறுநாள் மாலை ஒரு மாணவர் தந்தையுடன் வீட்டுக்கு வந்து, 13,500 கொடுத்து வாங்கிச் சென்றார். சித்திரைத் திருவிழாவுக்கு ஜிஆர் 2 தயாராக இருக்கிறது.

ஓரக்கண் எழுதியது:

நல்ல விலை. ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் கேமராவைப் பார்த்து விலகிப் போக மாட்டார்கள், ஜிஆர் 2-க்கு நீர்க்காப்பும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.