சங்கிலிப்பிணைப்பா, பிணையிழுப்பா?

அன்புடையீர், வணக்கம்.

கூட்டணியிலுள்ள ஒரு நாடு போரில் இறங்கினால் அதனுடன் கட்டுண்ட மற்ற நாடுகளும் இழுபடுவதைப் பன்னாட்டு உறவியலில் 'செயின் கேங்கிங்' என்பர். அதற்குரிய தமிழ்க் கலைச்சொல் பற்றிய நம் உரையாடலில் நாகர்கோவில் நண்பர் முன்மொழிந்த 'போரீர்ப்பு' செவிக்கு இனிதாயினும், ஈர்ப்பு என்றதும் விருப்பமே முன்வந்து நிற்பதால், மனமின்றிப் போருக்குள் இழுபடும் நாட்டை அது குறிக்காது. மற்றொரு முன்மொழிவான 'சங்கிலிப்பிணைப்பு' கட்டுண்ட நிலையை மட்டுமே சொல்கிறது. ஒரே சங்கிலியில் பூட்டிய கைதிகளுள் ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் ஏனையோரும் விழுவர் என்பதன்றோ மூலச்சொல்லின் உட்பொருள்? ஆகவே 'பிணையிழுப்பு' என்பதை முன்வைக்கிறேன். பிணை என்பது கட்டையும் குறிக்கும், அடுத்தவருக்காக ஏற்கும் பொறுப்பையும் குறிக்கும். தக்கலையில் நீதிமன்ற வாசலில் நிற்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டைக் கொண்டு சொல்லைச் சோதிக்கலாம். ஜூலை 28இல் ஆஸ்திரியா–ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது. ரஷ்யா 30இல் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட, ஜெர்மனி ஆகஸ்டு 1இல் ரஷ்யா மீதும், 3இல் ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸ் மீதும் போர் அறிவித்தது. பிரான்ஸ் 'பிணையிழுபட்டது' எனத் தயங்காமல் எழுதலாம். ஆனால் 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியாவுடன் முக்கூட்டணியில் இருந்த இத்தாலி நடுநிலை வகித்து, மறு ஆண்டில் ஆஸ்திரியாவையே எதிர்த்தது. அங்கே பிணை இருந்தது, இழுப்பு இல்லை; இவ்வேறுபாட்டைக் காட்ட இரு உறுப்புகளும் சொல்லில் தேவை. ஆஸ்திரியாவுக்கு ஜூலை 5இல் நிபந்தனையற்ற ஆதரவளித்த ஜெர்மனி இழுபட்டதா, பின்னின்று தள்ளியதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மாறுபடுகின்றனர். கலைச்சொல் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறலாகாது.

நாளேடுகள் 'பதற்றம் அதிகரிப்பு' என எழுதும் எஸ்கலேஷனை இதனோடு கலக்க வேண்டா. எதிரியின் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு படி மேலேறி விடையிறுப்பது கூட்டணியே இல்லாத இரு நாடுகளுக்கிடையிலும் நிகழும். அதற்குப் 'படியேற்றம்' போதும்.

குளச்சல் போரை (1741) எடுத்துக்காட்டாகச் சேர்க்கும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் விரிவாக்கத்துக்கு எதிராகச் சிற்றரசுகளுக்கு டச்சுக் கம்பெனி துணைநின்றது உண்மையே. எனினும் அதைப் போருக்கு இழுத்தது மிளகு வணிகம், கொடுத்த வாக்கன்று. அப்போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமான கதை நம்மூரார்க்கு எவ்வளவு உவப்பாயினும், இந்தக் கலைச்சொல் பதிவில் அதற்கு இடமில்லை.