புதுப்பிப்பு: எந்த ஜிஆர்இ மதிப்பெண்ணை அனுப்பினேன்

முதுகலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை இரண்டு முறை எழுதினேன். முதல் தேர்வில் குவான்ட் (கணிதப் பகுதி) 167, வெர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) 151. இரண்டாவதில் குவான்ட் 163, வெர்பல் 158. புள்ளியியல் முதுகலைக்கு எதை அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒன்றின் குவான்ட்டையும் இன்னொன்றின் வெர்பலையும் பிய்த்து ஒட்டி அனுப்ப வழியில்லை. ஒரு தேதியின் மதிப்பெண் முழுதாகத்தான் போகும். ஆனால் நாம் அனுப்பாத தேர்வு அறிக்கையில் தெரியவே தெரியாது. இது பெரிய நிம்மதி.

அப்புறம் ஒவ்வொரு துறையின் சேர்க்கைப் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். 'பகுதிவாரியாக உயர்ந்ததை எடுத்துக்கொள்வோம்' என்ற துறைகளுக்கு இரண்டையும் அனுப்பிவிட்டேன். எதுவும் சொல்லாத இடங்களுக்கு முதல் தேர்வு மட்டும். புள்ளியியலில் குவான்ட்தான் முதலில் கண்ணில் படும் என்பது என் கணிப்பு. 'விருப்பமிருந்தால் அனுப்பலாம்' என்ற ஒரு துறைக்கும் அதையே அனுப்பினேன், 167-ஐ மறைப்பானேன்?

இன்னும் தேர்வு எழுதாதவர்களுக்கு: தேர்வு நாளன்று நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். ஆனால் அப்போது 'கடைசித் தேர்வு', 'எல்லாம்' இரண்டுதான் கிடைக்கும். விரும்பிய தேதியைத் தேர்ந்தெடுப்பது பிறகு, கட்டணம் கட்டித்தான்.