ஆட்டோமேஷன் என்றால் ஆளைக் குறைப்பது என்று அர்த்தமா?

சொல்வேட்டை:
ஆட்டோமேஷன் என்றாலே 'ஆளை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைப்பது' என்று விளக்கம் எழுதுகிறார்கள். சொல் வந்த வழி அப்படி இல்லை. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனத்தில் டெல்மர் ஹார்டர் என்ற நிர்வாகி இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1947-ல் இந்தப் பெயரில் அங்கே தனித் துறையே தொடங்கினார்கள். ஒரு இயந்திரத்தில் வேலை முடிந்த பாகம் அடுத்த இயந்திரத்துக்குத் தானாகப் போய்ச் சேருவதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

லேத்பட்டறை:
அதற்கு முன்னால் அந்தப் பாகத்தைத் தூக்கி வைத்தது யார் சார்? ஆள்தானே! நிர்வாகி பாகத்தைப் பற்றிப் பேசுவார், தூக்கியவனைப் பற்றிப் பேச மாட்டார்.

சொல்வேட்டை:
விளைவு வேறு, பொருள் வேறு. ஸ்ட்ரோஜர் கண்டுபிடித்த தானியங்கித் தொலைபேசி இணைப்பகம் 1892-லேயே வந்துவிட்டது. இணைப்பு கொடுக்கும் ஆபரேட்டர் வேலையை அது பறித்தது. அப்போது அதை யாரும் ஆட்டோமேஷன் என்று சொல்லவில்லை. மறுபக்கம், அறைச் சூட்டைத் தானே சரிசெய்யும் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அது யார் வேலையைப் பறித்தது?

லேத்பட்டறை:
தெர்மோஸ்டாட்டை வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறீர்கள். 1955-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ஆட்டோமேஷன் பற்றி விசாரணை நடத்தியது. கார் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தர் அங்கே போய்ச் சாட்சியம் சொன்னார். சொல் பரவி பத்து வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் வேலை போகுமோ என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சொல்லை ஊர் எப்படிப் பேசுகிறதோ அதுதான் அதன் பொருள். பிறப்புச் சான்றிதழ் எதற்கு?

பழஞ்சுவடி:
இரண்டு பேரும் 1947-லேயே நிற்கிறீர்கள். அடியில் இருப்பது கிரேக்கச் சொல், 'ஆட்டோமாட்டோஸ்', தானாகவே இயங்குவது. ஹோமரின் இலியட் காவியத்தில் ஹெஃபைஸ்டஸ் என்ற கொல்லர் தெய்வம் செய்த முக்காலிகள் தாமாகவே தேவர் சபைக்குப் போய்த் திரும்பும். அங்கே இந்தச் சொல்தான் வருகிறது. பிறகு அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலில் அதே முக்காலிகளைக் காட்டி, தறி நாடா தானே நெய்தால் எஜமானருக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்கிறார். ஆள் தேவையா என்ற கேள்வி ஃபோர்டுக்கு ரொம்ப முன்னாலேயே வந்தாயிற்று.

லேத்பட்டறை:
பார்த்தீர்களா!

சொல்வேட்டை:
அவசரப்படாதீர்கள். அரிஸ்டாட்டில் அங்கே சொல்லுக்கு விளக்கம் எழுதவில்லை, 'அப்படி நடந்தால்' என்று ஒரு கற்பனை சொல்கிறார். உழைப்பையே பெயரில் சுமக்கும் சொல் வேண்டுமென்றால் ரோபோவை எடுங்கள். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய உழைப்பு. காரெல் சாப்பெக் 1920-ல் வெளியிட்ட நாடகத்திலிருந்து அது உலகத்துக்கு வந்தது. பெயரை எடுத்துக்கொடுத்தது அவர் அண்ணன் யோசெஃப். அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்புகூட இல்லை, சதை மாதிரியான பொருளில் செய்தவை!

பழஞ்சுவடி:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தானாக' என்று சொன்னவுடனே 'யார் இல்லாமல்?' என்ற கேள்வி வராதா?

சொல்வேட்டை:
செடி தானாக முளைத்தது என்றால் யார் வேலை போயிற்று?

லேத்பட்டறை:
செடிக்கு யாரும் சம்பளம் போட்டு ஆள் வைக்கவில்லை சார்.